நரகத்தை ரத்து செய்யச் சொன்ன சித்திரக்காரர்

(பொதுக்கூட்டமொன்றில் நாம் பேசியதன் சாராம்சம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "மதமும் சித்திரமும்" என்பதாகும். இதைப்பற்றிப் பேசுவதற்கு நமக்குப் பட்டமோ பரீட்சையோ ஒன்றும் கிடையாது. தூரிகை பிடித்துப் பழக்கமும் இல்லை. ஆனால், படத்தைப் பார்க்கக் கண்ணும், பார்த்ததை யோசிக்கக் கொஞ்சம் புத்தியும் இருந்தால் அதைப்பற்றிப் பேச யோக்கியதை உண்டு என்கிற தைரியத்தின் பேரிலேயே மேடை ஏறியிருக்கிறோம்.

பண்டிதர்கள் சிலர் நம்மைப் பார்த்து அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "மதம் இல்லாவிட்டால் சிற்பம் ஏது? சித்திரம் ஏது? சங்கீதம் ஏது? மதத்தை ஒழிக்கிறேன் என்று புறப்பட்ட நீங்கள் கலையையும் சேர்த்தல்லவா குழி தோண்டிப் புதைக்கப் பார்க்கிறீர்கள்?" என்பதாகக் கேட்கிறார்கள். இதற்கு நாம் வாதத்தினால் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்லப்போகிறோம். பதிலை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் லியோன் பெராரி. தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்கிற தேசத்தின் தலைநகரமாகிய புவெனஸ் ஐரிஸ் பட்டணத்தில் 1920-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ந் தேதி பிறந்தவர். 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி, தமது 92-வது வயதில் காலமானவர். சித்திரக்காரர் என்று அவரை நாம் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். உண்மையில் அவர் கையாளாத சரக்கு இல்லை. மண், கம்பி, மை, பத்திரிகைத் துண்டு, பிளாஸ்டிக் பொம்மை, ஓசையெழுப்பும் உலோகக் கோல்கள், குருடர்கள் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து, கடைசியில் புறாவின் எச்சம் வரையில் எல்லாவற்றையும் கொண்டு வேலை செய்தவர். ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பெயர் வாங்கிக்கொண்டு உட்காரவேண்டும் என்கிற எண்ணம் அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

இவருடைய தகப்பனார் யார் தெரியுமா? அகுஸ்தோ பெராரி என்பவர். இத்தாலியில் பிறந்து அர்ஜென்டினாவில் குடியேறியவர். அவருக்கு ஜீவனம் மாதாகோயில்! கோயில் சுவர்களில் சித்திரம் எழுதுவார். கோயில்களுக்குப் பிளான் போட்டுக் கட்டியும் கொடுப்பார். கோர்தொபா என்கிற ஊரில் கப்புச்சின் சந்நியாசிகளுக்காக அவர் கட்டிய கோயிலை இன்றைக்கும் யாத்திரிகர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஆகவே, மகன் சாப்பிட்ட சோறே சம்மனசுகளும் அர்ச்சிஷ்டவர்களும் போட்ட சோறு என்றுதான் சொல்லவேண்டும். மதத்தை வெளியில் நின்று கல்லெறிந்தவர் அல்லர் அவர். சாயம் குழைக்கிற இடத்திலிருந்தே அதன் உள் விவகாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் பேசும்போது, "இவனுக்கு என்ன தெரியும்" என்று தட்டிக் கழிக்க முடியாதல்லவா?

பெராரி இஞ்சினீயர் பரீட்சை கொடுத்தவர். சித்திரப் பள்ளிக்கூடத்தில் அவர் படித்ததில்லை. 1952-ல் மகளுக்குக் கடுமையான நோய் கண்டு, மருத்துவம் தேடிக் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனார். அங்கேதான் மண் பாண்டம் செய்வதில் கை வைத்தார். 1955-ல் மிலான் நகரில் அவருடைய முதல் காட்சி நடந்தது. பிறகு ஊர் திரும்பி, மெல்லிய உலோகக் கம்பிகளை வளைத்துப் பின்னி உருவங்கள் செய்தார். 1962 வாக்கில் கம்பியை விட்டு மையை எடுத்தார். கம்பி எப்படிச் சுருண்டதோ அப்படியே கோடுகள் காகிதத்தில் சுருண்டன. பார்த்தால் எழுத்து மாதிரி இருக்கும், படித்தால் ஒரு எழுத்தும் விளங்காது. 1963-ல் அவர் செய்த ஒன்றுக்கு "ஒரு ஜெனரலுக்குக் கடிதம்" என்று பெயர். கடிதம் முழுவதும் கிறுக்கல். பட்டாளத்து ஜெனரலுக்குப் புத்திமதி சொல்லி எழுதினால் அவனுக்கு விளங்கவா போகிறது? அதைத்தான் அப்படிக் காட்டினார் என்பது நமது அபிப்பிராயம். மறு வருஷம் இன்னொரு வேடிக்கை செய்தார். ஒரு படம் எழுதினால் அதில் என்னென்ன இருக்கும் என்பதை வார்த்தையால் விவரித்து, அந்த எழுத்தையே படமாக மாட்டிவிட்டார். படம் எங்கே என்று கேட்டால், படிக்கிறவன் மண்டைக்குள்ளே!

இதுவரையில் அவர் செய்ததை எந்தப் பாதிரியும் ஆட்சேபிக்கவில்லை. கிறுக்கிக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? 1965-ம் வருஷத்தில்தான் சங்கதி மாறிற்று.

அந்த வருஷம் மார்ச்சு மாதம் முதல் அமெரிக்கா வியட்நாம் தேசத்தின்மேல் ஓயாமல் குண்டு போட ஆரம்பித்தது. அதைச் செய்தவர்களும் ஆதரித்தவர்களும் சொன்ன காரணங்களில் ஒன்று, மேனாட்டு நாகரிகத்தையும் கிறிஸ்தவ நாகரிகத்தையும் காப்பாற்றுகிறோம் என்பது. தோழர் பெராரி ஒரு காரியம் செய்தார். பூஜைச் சாமான் கடையில் விற்கிற சிலுவை நாதர் சுரூபம் ஒன்றை வாங்கினார். அமெரிக்கக் குண்டு விமானத்தின் மாதிரி ஒன்றை ஆள் உயரத்திற்கும் மேலாகச் செய்தார். சிலுவைக்குப் பதிலாக அந்த விமானத்தில் கிறிஸ்துவை அறைந்தார்; விரிந்த கைகள் இரண்டும் இறக்கைகளோடு சேர்ந்துகொண்டன. விமானத்தின் மூக்கு தரையைப் பார்க்க, குண்டு போடப் பாய்கிற கோலத்தில் தொங்கவிட்டார். பெயர் என்ன வைத்தார் என்றால், "மேனாட்டுக் கிறிஸ்தவ நாகரிகம்" என்று அவர்கள் வார்த்தையையே எடுத்து வைத்தார். தாமாக ஒரு வசை கூடச் சேர்க்கவில்லை.

புவெனஸ் ஐரிஸில் டி டெல்லா ஸ்தாபனம் என்று புதுமைக் கலைக்குப் பேர்போன இடம் ஒன்று இருந்தது. அங்கே நடந்த பரிசுப் போட்டிக்கு இதைக் கொண்டுபோனார். அதன் கலைப் பிரிவின் தலைவர் ரொமேரோ பிரெஸ்ட் என்பவர் பழமைவாதி அல்லர். எவ்வளவு விபரீதமான புதுமையானாலும் வரவேற்கிறவர் என்று பெயர் எடுத்தவர். அப்பேர்ப்பட்டவர், காட்சி திறப்பதற்கு முன்பே, ஸ்தாபனத்தில் வேலை செய்பவர்களின் மத உணர்ச்சி புண்படும் என்று சொல்லி இதை எடுத்துவிடச் சொன்னார். பெராரியின் சிறிய வேலைகள் மாத்திரம் இருந்தன. விமானம் வெளியே போயிற்று. ஆகாயத்திலிருந்து குண்டு விழுவதில் புண்படாத உணர்ச்சி, கூரையிலிருந்து பொம்மை தொங்குவதில் புண்பட்டுவிட்டது! எந்த உருவத்தையும் உடைத்துத் திருத்திப் பார்க்கலாம், ஆனால் எந்த அதிகாரத்தின் பெயரையும் சொல்லிவிடக்கூடாது என்கிற அளவோடு நின்றுவிடுகிறது இந்த மாதிரிப் பெரியவர்களின் புதுமை.

மீதியிருந்த சிறிய வேலைகளைப் பார்த்தே பத்திரிகை விமர்சகர் ஒருவர், இதெல்லாம் கலைக் காட்சிக்கு ஏற்றதல்ல என்று கண்டித்தார். அதற்குப் பெராரி எழுதிய பதில்தான் அவருடைய வாழ்க்கைக்கே சாவி என்று சொல்லவேண்டும். அதன் சாரம் என்னவென்றால், இது கலை அல்ல என்று யாராவது ருசுப்பித்தால் தமக்கு ஆட்சேபணை இல்லை. தம் வழியை மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. கலை என்கிற பெயரை அடித்துவிட்டு அரசியல் என்றோ, அரித்துத் தின்னும் கண்டனம் என்றோ எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே. தோழர்களே! பெயருக்கும் பரிசுக்கும் பறக்கிறவன் வாயிலிருந்து இந்தப் பதில் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க. 1967-ல் "பிறர் வார்த்தைகள்" என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் அவருடைய வார்த்தை ஒன்று கூட இல்லை. எல்லாம் பத்திரிகையிலிருந்தும் பைபிளிலிருந்தும் சரித்திரப் புத்தகங்களிலிருந்தும் கத்தரித்து எடுத்தவை. ஹிட்லர் ஒரு வாக்கியம் பேசுவார். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் ஒரு வாக்கியம். பாப்பரசர் ஒரு வாக்கியம். நடுநடுவே கடவுளும் தமது வேதத்திலிருந்து பேசுவார். ஒருவருக்கொருவர் சம்பாஷிப்பது போலவே கோத்திருக்கிறார். யார் பேசியது எது என்று பெயரை மறைத்துவிட்டுக் கேட்டால் கண்டுபிடிப்பது சிரமம். 1968-ல் லண்டனிலும் 1972-ல் புவெனஸ் ஐரிஸிலும் இதைச் சுருக்கி மேடையில் நடத்தினார்கள். முழுதும் வாசிப்பதற்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் பிடிக்குமாதலால், அப்படி முழுதாக நடந்தது அவர் காலமான பிறகு 2017-ல், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில்தான்.

1968-ல் நடந்த இன்னொரு காரியத்தில் அவர் பலரில் ஒருவர். துக்குமான் என்பது அர்ஜென்டினாவின் கரும்புச் சீமை. அங்கே பட்டாளத்து அரசாங்கம் 1966 முதல் பல சர்க்கரை ஆலைகளை மூடி, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களைத் தெருவில் விட்டது. பத்திரிகைகளில் மாத்திரம் துக்குமான் செழிக்கிறது என்று விளம்பரம். இளம் சித்திரக்காரர்களும் சமூக ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து நேரே போய், போட்டோ எடுத்து, ஜனங்களிடம் வாக்குமூலம் வாங்கி, ரொசாரியோ நகரில் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் "துக்குமான் எரிகிறது" என்று ஒரு காட்சி வைத்தார்கள். வந்தவர்களுக்குச் சர்க்கரை போடாத கசப்புக் காப்பி கொடுத்தார்கள்! குறித்த இடைவேளைக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, இந்த நேரத்திற்குள் துக்குமானில் ஒரு குழந்தை செத்திருக்கிறது என்று உணர்த்தினார்கள். பிறகு இதே காட்சியைத் தலைநகரத்தில் வைத்தபோது அரசாங்கம் நெருக்கி உடனே மூட வைத்துவிட்டது. கசப்புக் காப்பிக்கு இத்தனை பயம்!

இனிச் சொல்லப்போகிற பகுதி சிரிப்பதற்கில்லை.

1976-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டது. 1983 வரையில் அந்தத் தேசத்தில் நடந்ததற்குச் சரியான பெயர் வேட்டை. இரவில் வீடு புகுந்து ஆண்களையும் பெண்களையும் தூக்கிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எங்கே என்று கேட்டால், அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பார்கள். ஜனநாயகம் திரும்பியபின் 1984-ல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, காணாமற் போனவர்கள் என்று ஏறக்குறைய 9,000 பேரைக் கணக்கிட்டது. மனித உரிமைச் சங்கங்கள் சொல்லும் தொகை 30,000.

இந்த வேட்டை துவங்கிய காலத்தில் பெராரி என்ன செய்தார்? தினசரிப் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு கத்தரித்தார். ஆற்றங்கரையில் பிணம் ஒதுங்கியது, ரஸ்தாவில் அடையாளம் தெரியாத உடல்கள் கிடந்தன என்று ஒவ்வொரு மூலையிலும் சின்னச் சின்னதாக வந்த செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் "எங்களுக்குத் தெரியாது". ஜெர்மனியில் ஹிட்லர் ஒழிந்தபின் அக்கம்பக்கத்தார் சொன்னது அந்த வார்த்தைதானே! அர்ஜென்டினாவில் பின்னால் பலபேர் சொல்லப்போவதும் அதுதான். தெரியாமல் எப்படி ஐயா இருக்கும்? காலையில் காப்பியோடு பிரித்துப் படித்த பத்திரிகையிலேயே இருந்ததே! பெராரியின் வேலைகளிலே எது பெரியது என்று நம்மைக் கேட்டால், தொங்குகிற விமானத்தைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்லுவோம். கத்தரிக்கோலும் பசையும் பழைய காகிதமும் தவிர வேறு செலவில்லாத இந்தக் கட்டுத்தான் முதலாவது. இதிலே சித்திரக்காரனின் கைத்திறம் ஒன்றும் கிடையாது. ஒருவனும் "அழகாக இருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

அவருக்கே ஆபத்து நெருங்கியதால் அந்த வருஷமே குடும்பத்தோடு பிரேஜில் தேசத்தின் சாவோ பாலோ நகரத்திற்குப் போய்விட்டார். மகன் ஏரியல் மாத்திரம் போக மறுத்து நின்றுவிட்டார். 1977-ல் அந்த மகனையும் வேட்டைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். காணாமற் போனவர்களின் ஜாபிதாவில் அவரும் ஒருவரானார்.

தோழர்களே! இதற்குமேல் ஒரு தகப்பனைப் பற்றி விவரித்துச் சொல்வது நமக்கு இஷ்டமில்லை. அவரும் இதைக் காட்டி யாரிடமும் இரக்கம் வாங்கப் பார்க்கவில்லை. ஆனால், அவருடைய மனம் எதை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒரு மனிதனைக் கட்டிப்போட்டு வதைக்க இன்னொரு மனிதனுக்கு மனம் எப்படி வருகிறது? அப்படி வதைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் நன்மை வாங்கிக்கொண்டு வந்தார்களே, அது எப்படி? 1995-ல் கடற்படை அதிகாரி சிலிங்கோ என்பவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்: கைதிகளுக்கு மயக்க மருந்து குத்தி, உயிரோடு ஆகாய விமானத்திலிருந்து கடலில் தள்ளினோம், மனம் குழம்பி வந்தபோது பட்டாளத்துப் பாதிரியார், அது கிறிஸ்தவ முறையான சாவு என்று ஆறுதல் சொன்னார் என்பதாக! முப்பது வருஷத்திற்கு முன் பெராரி விமானத்தையும் சிலுவையையும் சேர்த்து ஒட்டியது வீண் வம்பு என்றார்களே, இதற்கு என்ன சொல்லுகிறார்கள்? வான் வெர்னிக் என்கிற போலீஸ் பாதிரி 7 கொலைகளிலும் 42 ஆட்கடத்தல்களிலும் 31 சித்திரவதைகளிலும் பங்குகொண்டதாக 2007-ல் ஆயுள் தண்டனை பெற்றார். எல்லாப் பாதிரிமாரும் இப்படி என்று நாம் சொல்ல வரவில்லை. காணாமற் போனவர்களுக்காகப் பரிந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் இருவரையும் அதே கடற்படையார்தான் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். உண்மையை ஒரு பக்கமாகச் சொல்லக் கூடாது.

சாவோ பாலோவில் இருந்த காலத்தில் அவர் மறுபடி கலைக்குத் திரும்பினார். உலோகக் கோல்களை நட்டு, தடவினால் ஓசை வருகிற உருவங்கள் செய்தார். இஞ்சினீயர் படிப்பு அங்கே உபயோகப்பட்டது. கட்டடங்களுக்குப் பிளான் போடுகிற "ப்ளூ பிரிண்ட்" முறையில், பைத்தியம் பிடித்த பட்டணங்களை வரைந்தார். கதவு இருக்கும், வெளியே போக வழி இருக்காது. நூற்றுக்கணக்கான சின்ன மனிதர்கள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். மலிவாக நகல் எடுத்து மடித்துத் தபாலில் அனுப்பினார். ஒரே ஒரு அசல், அதற்கு லட்சம் விலை என்கிற ஜமீன்தார் வியாபாரம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அங்கிருந்தபடியேதான் நரகத்தைப் பற்றிய தமது பெரிய வழக்கைத் தொடுத்தார். அவருடைய வாதம் மிகவும் சுலபமானது. மேல்நாட்டுச் சித்திரக் கலையில் மகா உன்னதம் என்று கொண்டாடுகிற படங்களிலே பலவற்றில் இருப்பது என்ன? மனிதர்களை எரிப்பதும், கொப்பரையில் போட்டு வேகவைப்பதும், பிசாசுகளைக்கொண்டு குத்திக் கிழிப்பதும்! எண்ணெய்க் கொப்பரைச் சங்கதி உங்களுக்கும் பழக்கமானதாகையால் நாம் விவரிக்க வேண்டியதில்லை. இதை ஆயிரம் வருஷமாக அழகான வர்ணத்தில் எழுதி, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, இதைச் செய்கிறவர் மகா கருணாநிதி என்றும் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை பெரியவனாகிக் கையில் அதிகாரம் வந்ததும் என்ன செய்வான்? வேறு கொள்கைக்காரனை வதைப்பது நியாயம் என்றுதானே நினைப்பான்? அழகு என்கிற ஜரிகையைப் போர்த்திக் கொடுமையைப் பழக்கிவிட்டீர்களே என்பதுதான் பெராரியின் குற்றச்சாட்டு. கோயில் சுவரில் சாயம் பூசியவருடைய மகன் கேட்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

ரோமாபுரியில் பாப்பரசரின் சிஸ்டைன் கோயில் சுவரில் மைக்கேல் ஆஞ்சலோ என்னும் பேர்பெற்ற சித்திரக்காரர் எழுதி 1541-ல் முடித்த "பொதுத் தீர்வை" என்கிற படம் இருக்கிறது. உலகம் முடிகிற நாளில் கடவுள் நல்லவர்களைப் பிரித்து மேலேயும் பாவிகளை நரகத்திற்கும் அனுப்புகிற காட்சி அது. 1985-ல் பெராரி, அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைக் கீழே விரித்து, மேலே கூண்டில் புறாக்களை அடைத்து வைத்தார். அவ்வளவுதான். மற்ற வேலையைப் புறாக்கள் செய்தன! எச்சம் விழுந்து விழுந்து நாளுக்கு நாள் தீர்வை மறைந்துகொண்டே வந்தது. நரகத்திற்குத் தீர்ப்பெழுதிய கடவுளின் பேரிலே, புறாக்களுடைய தீர்ப்பு!

"ஐயோ, எவ்வளவு அநாகரிகம்! மகா கலைஞனுடைய படத்தையா அசிங்கம் செய்வது?" என்று பதறினார்கள். சரி, ஒரு சரித்திரம் கேளுங்கள். அந்தப் படத்தில் உருவங்கள் நிர்வாணமாக இருப்பதைப் பற்றி அந்தக் காலத்திலேயே கூச்சல் கிளம்பி, 1564-ல் கோயில் அதிகாரிகளே உத்தரவு போட்டு, வோல்தெர்ரா என்கிற சித்திரக்காரரைக்கொண்டு அவைகளுக்குக் கோவணமும் துணியும் எழுதி மூடினார்கள். அந்த மனிதருக்கு "நிஜார் தைக்கிறவர்" என்று பட்டப் பெயரே வந்துவிட்டது. பெராரியின் புறா எச்சம் விழுந்தது அச்சுக் காகிதத்தின்மேல். இவர்கள் சாயம் பூசியது அசல் சுவரின்மேல்! மனிதனுடைய தொடை தெரிவது ஆபாசமாகப்பட்டது. மனிதனைப் பிசாசு பிடித்து நெருப்பிலே இழுப்பது ஆபாசமாகப்படவில்லை. அதற்குத் துணி போட்டு மூடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

1991-ல் பெராரி ஊர் திரும்பினார். 1995-ல் ஒரு தினசரி, அந்த 1984-ம் வருஷத்து அறிக்கையைப் பகுதி பகுதியாக மறுபடி வெளியிட்டபோது, அதற்குப் படம் செய்து கொடுத்தவர் இவரே. ஜெனரல்களும் மேற்றிராணிமார்களும் கைகுலுக்குகிற போட்டோக்களைப் பழைய நரகச் சித்திரங்களோடு ஒட்டினார். வேறு காலங்களில் வேத சித்திரங்களோடு சீன, ஜப்பானியக் காமச் சித்திரங்களைச் சேர்த்து ஒட்டியும், நிர்வாணப் படங்களின்மேல் புள்ளி எழுத்துக் குத்தியும் செய்தது உண்டு. அவற்றில் சில நம்மைக் கவர்ந்தன. சில, சொன்னதையே சொல்வதாகத்தான் பட்டது. அர்ச்சிஷ்டவர் பொம்மைகளை வாணலியில் போட்டுக் காட்டியதும் அந்த வகைதான். கிண்டல் சரி, ஆனால், பத்திரிகைத் துண்டுகளின் பலம் வாணலியில் இல்லை.

1997-ம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ந் தேதி, கிறிஸ்து பிறப்புக்கு முதல் நாள், அவரும் சிநேகிதர்களும் இரண்டாவது ஜான் பால் பாப்பரசருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். மனுதாரர் சங்கத்தின் பெயரைக் கேளுங்கள்: பக்தியற்றவர், பதிதர், மதத்தை விட்டோடியவர், தேவதூஷணம் செய்பவர், நாஸ்திகர், அஞ்ஞானிகள், அவிசுவாசிகள் முதலானோருடைய கிளப்பு! மனுவின் பிரார்த்தனை: பொதுத் தீர்வையை ரத்து செய்யவேண்டும். 2001-ல் நரகத்தையே எடுத்துவிடும்படி இன்னொரு மனு. நடுவில், 1999 ஜூலையில், அதே பாப்பரசர் ஒரு பிரசங்கத்தில் நரகம் என்பது ஓர் இடம் அல்ல, கடவுளை விட்டுப் பிரிந்த நிலை என்று வியாக்கியானம் சொன்னார். இது பெராரியின் மனுவினால் கிடைத்த பலன் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும், எத்தனை நூற்றாண்டாகக் கொப்பரை காய்ச்சிவிட்டு, கடைசியில் அடுப்பே கிடையாது என்றால், அந்த அடுப்பைக் காட்டி வசூலித்த காணிக்கை எங்கே என்று யாராவது கேட்கவேண்டாமா?

2004-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி, புவெனஸ் ஐரிஸில் ரெக்கொலேத்தா கலை மண்டபத்தில் அவருடைய ஐம்பது வருஷத்து வேலைகளை, 400-க்கு மேற்பட்டவைகளை, ஒன்றாக வைத்துக் காட்சி திறந்தார்கள். மறுநாளே நகரத்தின் கர்தினால் பெர்கோலியோ என்பவர் தமது சபையாருக்குக் கடிதம் விடுத்தார். இது தேவதூஷணம் என்றும், வரிப்பணத்தில் நடக்கிற மண்டபத்தில் இப்படி நடக்கிறதே என்றும் வருந்தி, டிசம்பர் 7-ந் தேதி உபவாசமும் ஜெபமும் செய்யச் சொன்னார். உபவாசம் இருப்பது அவர் உரிமை. அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், அதற்குள் சில பக்தர்கள் உள்ளே புகுந்து சாமான்களை உடைத்தார்கள். டிசம்பர் 17-ந் தேதி நீதிபதி ஒருவர் காட்சியை மூட உத்தரவிட்டார். சித்திரக்காரர்களும் பொதுஜனங்களும் தெருவில் கூடிக் கண்டித்தார்கள். பத்து நாளில் மேல் கோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளிற்று. ஜனவரியில் மறுபடி திறந்தார்கள். ஆனால் குண்டு வைப்போம் என்கிற மிரட்டல்கள் நிற்கவில்லை; பிறருக்கு அபாயம் வேண்டாம் என்று, பிப்ரவரி வரை நடக்கவேண்டிய காட்சியைப் பெராரியே சில நாளில் முடித்துக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டுப் போனவர்கள் சுமார் 70,000 பேர். இவ்வளவு விளம்பரம் செய்து கொடுத்ததற்குக் கர்தினாலுக்கு வந்தனம் செலுத்த வேண்டும் என்கிற தோரணையில் பெராரி பேசினார்.

"பிறர் மனதைப் புண்படுத்தலாமா?" என்று இந்தக் கூட்டத்திலும் யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்த விவகாரம் முழுவதிலும் உடைந்தது யாருடைய சாமான் என்று பாருங்கள். பெராரி எந்தக் கோயிலுக்குள்ளும் புகுந்து எந்தச் சுரூபத்தையும் தொட்டதில்லை. கடையில் பிளாஸ்டிக் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, தம் இடத்தில் வைத்து, இஷ்டமானவர்கள் வந்து பாருங்கள் என்றார். கும்பிடுகிறவனை அவர் தடுத்ததும் இல்லை. புண்பட்டோம் என்றவர்கள் கையில்தான் தடி இருந்தது. நரகம் நியாயமானது என்று அவருக்குப் பதில் எழுதி வாதிக்க எத்தனை பேர் முன்வந்தார்கள்?

1965-ல் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்ட அந்த விமானத்தை, 2007-ல் கத்தோலிக்க நாடாகிய இத்தாலியிலேயே, வெனிஸ் நகரத்து உலகக் கலைக் காட்சியில் தொங்கவிட்டார்கள். அவருக்குத் தங்கச் சிங்கம் என்னும் பரிசும் கொடுத்தார்கள். 2009-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் அவருடைய எழுத்துச் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தது. 2013 மார்ச்சு மாதம் கர்தினால் பெர்கோலியோ, பிரான்சிஸ் என்கிற பெயரோடு பாப்பரசரானார். அதற்கு நாலு மாதம் கழித்துப் பெராரி காலமானார். பாப்பரசரும் 2025 ஏப்ரல் மாதம் 21-ந் தேதி காலமாகிவிட்டார். ஒருவர் எங்கே போனார், மற்றவர் எங்கே போனார் என்று கணக்குச் சொல்ல நம்மிடம் பட்டயம் இல்லை. பெராரி மனுக் கொடுத்த அந்த நரகம் மாத்திரம் இன்னும் ஞானோபதேசப் புத்தகத்தில் இருக்கிறது.

தோழர்களே! நேரமாகிவிட்டது. ஆட்சேபணை உள்ளவர்களும் சந்தேகம் உள்ளவர்களும் தாராளமாக எழுந்து கேட்கலாம். மேடைக்கே வந்தும் பேசலாம். தலைவர் அவர்கள் அனுமதி கொடுப்பார்.